வாசல்தோறும் சென்ற நிவேதிதை அம்மையார்

திருக்கோணமலையிற் பிறந்து வளர்ந்த நமக்குக் கப்பல் ஒரு புதிய காட்சியன்று. உட்துறைமுகக் கரையில் நின்று வருகின்ற கப்பலையும் போகின்ற கப்பலையும் எண்ணிப் பொழுது போக்காத சிறுவர் நம்மூரில் இல்லை. போர்த்துக்கேயர் வந்தனர்; ஒல்லாந்தர் வந்தனர்; பிரெஞ்சுக்காரர் வந்தனர்; பின்னர் ஆங்கிலேயர் வந்து 1957ஆம் ஆண்டு வரை இத்துறைமுகத்தைத் தம் கடற்படைத் தளமாக வைத்திருந்தனர். இவ்வாறு கடல்வழி வந்தோருட் பெரும்பாலார் கொள்வதற்கென வந்தவர்களே. கோணேசப் பெருமானின் பழம்பெரும் ஆலயத்தை இடித்தவர்களும் கடல்வழி வந்தவர்கள்தாம்.

ஆயினும் கொடுப்பதற்கென்றே கடல் கடந்தோரும் உலகில் உளர். அத்தகையோருள் ஒருவர், அயர்லாந்திற் பிறந்து கல்கத்தா நகரின் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையிற் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்து, அத்தொண்டிலேயே தம் உடலையும் உயிரையும் தேய்த்த சகோதரி நிவேதிதை அம்மையார். அம்மையாரின் பெயரை நம் இளைஞர் அறிவர். சுவாமி விவேகானந்தரின் சீடர் என்ற அளவில் முதியோரும் அவரைப் போற்றுவர். ஆனால் அவர் அப்பள்ளிக்கூடத்தை எவ்வாறு தொடக்கினார், எவ்வாறு நடத்தினார் என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. அதனை அறிவது நம் மன்றத்துக்கு இன்று மிகவும் பயனுடையது எனக் கருதி, இவ்வாண்டு மலரில் அவர் வரலாற்றைச் சுருக்கிக் கூற முற்படுகின்றோம்.

இளமையும் ஆசிரியப் பணியும்

மார்கரட் எலிசபெத் நோபிள் என்பது அம்மையாரின் இயற்பெயர். அவர் 1867ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 28ஆந் திகதி வட அயர்லாந்தின் டங்கனன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் சாமுவேல் நோபிள் ஒரு கிறித்தவ மத போதகர். ஏழைகளுக்காக உழைத்தே இளவயதில் மாண்டவர். அப்போது மார்கரட்டுக்கு வயது பத்து. பின்னர்த் தாய்வழிப் பாட்டனாரின் ஆதரவிற் குடும்பம் வாழ்ந்தது. அப்பாட்டனார் அயர்லாந்தின் விடுதலைக்காக உழைத்தோருள் ஒருவர். ஆங்கிலேயரின் ஆட்சியில் ஒரு நாடு படும் பாடு என்ன என்பதை மார்கரட் தம் வீட்டுத் திண்ணையிலேயே கேட்டு வளர்ந்தார் எனலாம்.

படிப்பை முடித்துக்கொண்டு பதினேழாவது வயதில், 1884ஆம் ஆண்டில், அவர் ஆசிரியத் தொழிலிற் புகுந்தார். முதலில் கெசுவிக் என்னும் ஊரிலும், பின்னர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நிறைந்த ரெக்சம் என்னும் ஊரிலும், அதன்பின் செஸ்டர் நகரிலும் பணி புரிந்தார். ஐரோப்பாவிற் பெஸ்டலோசி, ஃபுரோபல் என்னும் இரு பெருங் கல்வியாளர் காட்டிய புதிய முறை அவர் மனத்தைக் கவர்ந்தது. பிள்ளையின் மனம் வெறுங் குடமன்று, அது விதை. நீர் ஊற்றி நிரப்புவது ஆசிரியர் வேலையன்று. விதை தானே முளைக்க மண்ணைப் பதப்படுத்துவதே அவர் வேலை. இதுவே அம்முறையின் சாரம். 1895ஆம் ஆண்டளவில் இலண்டனைச் சார்ந்த விம்பிள்டனில் மார்கரட் தம் சொந்தப் பொறுப்பில் ஒரு பள்ளி நடத்தி, அறிஞர் வட்டத்தில் நற்பெயரும் பெற்றுவிட்டார்.

குருவின் அழைப்பும் எச்சரிக்கையும்

அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் இலண்டனில் ஒரு பெருமாட்டியின் இல்லத்தில் நடந்த சிறு கூட்டத்தில் மார்கரட் விவேகானந்த சுவாமிகளை முதன்முதலாகக் கண்டார். கண்டவுடன் காலில் விழுந்துவிடவில்லை. ஐயங்களை எழுப்பினார், வாதாடினார், கேட்டதை வீட்டுக்குக் கொண்டுபோய் மீண்டும் மீண்டும் எண்ணினார். ஏறத்தாழ ஈராண்டுகள் இவ்வாறு கழிந்த பின்னரே இந்தியாவுக்கு வந்து பெண்கள் கல்விக்கு உழைப்பது என்ற உறுதி அவர் உள்ளத்தில் நிலைத்தது.

சுவாமிகள் 1897ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவருக்கு எழுதிய கடிதம் நாம் கருதத்தக்கது. ஆசை வார்த்தை எதனையும் சுவாமிகள் கூறவில்லை. வறுமையும் மூடப் பழக்கங்களும் மலிந்த மக்களிடையே வாழ வேண்டும், வெள்ளையர் அவரைப் பித்துப் பிடித்தவர் என்பர், நம்மவரோ அவர் வெள்ளைக்காரி என்று ஒதுக்குவர், வெயில் வாட்டும், ஐரோப்பிய வசதி ஒன்றும் கிடையாது. இவை அனைத்தையும் அறிந்தே இறங்குவதாயின் வரலாம் என்றும், வந்தபின் வென்றாலும் தோற்றாலும் தாம் இறுதிவரை துணை நிற்பதாகவும் எழுதினார். எச்சரிக்கையை அழைப்பாகக் கொண்டு புறப்பட்டார் மார்கரட். 1898ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 28ஆந் திகதி அவருடைய கப்பல் கல்கத்தாவை அடைந்தது.

மார்ச் மாதம் 25ஆந் திகதி சுவாமிகள் அவருக்குப் பிரமசரிய தீட்சை அளித்து, நிவேதிதை என்னும் பெயரையுஞ் சூட்டினார். இறைவன் திருமுன் படைக்கும் அமுதை நாம் நைவேத்தியம் என்கிறோமன்றோ? அவ்வாறு படைக்கப்பட்டவள் என்பதே அப்பெயரின் பொருள். அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே அவர் அன்னை சாரதாதேவியாரைத் தரிசித்திருந்தார். ஆசாரம் மிக்க பிராமணக் குலத்து விதவையாகிய அன்னையார், கடல் கடந்து வந்த அம்மேனாட்டுப் பெண்களை மகளே என ஏற்று, அவர்களுடன் கூட உணவும் அருந்தினார். அக்காலத்தில் இது சிறிய செயலன்று. அன்னையார் திறந்த அந்த வாசல் வழியாகவே நிவேதிதை வங்காளக் குடும்பங்களின் உள்வீட்டுக்குள் நுழைய முடிந்தது.

ஆசிரியை மாணவியானார்

கற்பிக்க வந்தவர் முதலிற் கற்க வேண்டியிருந்தது. 1898ஆம் ஆண்டுக் கோடையில் அல்மோரா, காஷ்மீரம் முதலிய இடங்களுக்குச் சுவாமிகளுடன் யாத்திரை செய்த காலத்தில், அம்மையாரின் உள்ளத்தில் வேரூன்றியிருந்த ஆங்கிலேயப் பெருமிதத்தைச் சுவாமிகள் இரக்கமின்றித் தாக்கினார். தாம் அறிந்ததே அறிவு, தம் நாட்டு வழக்கமே நாகரிகம் என்ற எண்ணம் உதிரும் வரை அவர் விடவில்லை. அம்மையார் மனம் நொந்தார், கண்ணீரும் விட்டார். ஆனால் ஓடிவிடவில்லை. இதனை நாம் மறைக்காமற் கூறுவது, பெரியோரும் தம் குறைகளோடு போராடியே பெரியோராயினர் என்பதை இளைஞர் உணர்தற் பொருட்டு.

திரும்பி வந்த அம்மையார் கல்கத்தாவின் வடபகுதியாகிய பாக்பசாரில் போஸ்பாரா ஒழுங்கையில் 16ஆம் இலக்க வீட்டிற் குடியேறினார். வெள்ளையர் வாழும் பகுதியிலே வசதியான வீடு எடுத்து, நாள்தோறும் வண்டியில் வந்து கற்பித்துவிட்டுப் போயிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. எந்தப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வந்தாரோ அவர்களின் அயலிலேயே தாமும் ஒரு வீட்டுக்காரியானார். வீட்டு வேலைக்கு வந்த முதியவள்கூட, தன் அடுப்பையும் தண்ணீரையும் அம்மையார் தொடக்கூடாது என்று நிபந்தனை விதித்தாள். அம்மையார் அதனையும் மனக்கசப்பின்றி ஏற்றார். அயலவரின் நம்பிக்கையை உரிமையோடு கேட்டுப் பெற முடியாது. காத்திருந்துதான் பெற வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பள்ளியின் தொடக்கம்

1898ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13ஆந் திகதி, காளி பூசை நாளன்று, அன்னை சாரதாதேவியார் பூசை செய்து ஆசி கூற, அவ்வீட்டிலேயே பெண்கள் பள்ளி தொடங்கியது. விவேகானந்த சுவாமிகளும் அவருடைய சகோதரத் துறவியரும் உடனிருந்தனர். பெரிய கட்டடமில்லை, பெருந்தொகை மூலதனமில்லை, ஒரு சில சிறுமியரே மாணவியர்.

அச்சிறுமியரும் தாமாக வந்துவிடவில்லை. பத்து வயதுக்கு முன்பின்னாகப் பெண்பிள்ளைக்கு மணம் முடித்துவிடும் காலம் அது. படித்த பெண் விதவையாவாள் என்ற மூட நம்பிக்கையும் சில வீடுகளில் இருந்தது. மேலும், கற்பிப்பவரோ கடல் கடந்து வந்த வெள்ளைக்காரி. பிள்ளையை மதம் மாற்றிவிடுவாரோ என்ற அச்சம் பெற்றோருக்கு இருந்தது இயல்பே. இந்நிலையில் நிவேதிதை வீடுவீடாகச் சென்றார். வாசலில் நின்றார். பாட்டிமாருடனும் தாய்மாருடனும் தமக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்திற் பேசினார். ஒருமுறை மறுத்த வீட்டுக்கு மறுமுறையுஞ் சென்றார். பிச்சை கேட்பார்போல் பிள்ளையைக் கேட்டார்.

வந்த பிள்ளைகளுக்கு அவர் கற்பித்த முறையும் கருதத்தக்கது. தாய்மொழியாகிய வங்காளமே பாடமொழி. எழுத்து, கணக்கு, பூகோளம், சரித்திரம் என்பவற்றோடு தையல், சித்திரம், களிமண்ணால் உருவஞ் செய்தல் என்பனவும் இடம்பெற்றன. நம் பெண்கள் வாசலிற் கோலமிடுவது போல வங்காளப் பெண்கள் இடும் அல்பனாவை அவர் ஒரு கலைப்பாடமாகவே மதித்தார். வீட்டில் பாட்டி கற்பித்ததும் கல்வியே, அதனை இகழ்ந்துவிட்டுப் புதியதைப் புகுத்தக்கூடாது என்பது அவர் கொள்கை.

இக்கொள்கையில் அவர் எத்துணை உறுதியுடையவர் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி கூறலாம். கவிஞர் இரவீந்திரநாத தாகூர் தம் இளைய மகளுக்கு ஆங்கிலமும் மேனாட்டு முறைக் கல்வியும் புகட்டுமாறு அம்மையாரை வேண்டினார். அத்தகைய செல்வக் குடும்பத்தின் வேண்டுகோளை வேறொருவராயின் மகிழ்ந்து ஏற்றிருப்பர். அம்மையாரோ, வெளியிலிருந்து ஒன்றைத் திணிப்பது கல்வியாகாது என்று கூறி மறுத்துவிட்டார். பின்னாளில் தாகூரே இதனை வியந்து எழுதியுள்ளார்.

துடைப்பம் எடுத்த கை

பள்ளி தொடங்கிச் சில மாதங்களுள், 1899ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கல்கத்தாவிற் கொள்ளைநோய் பரவியது. இராமகிருஷ்ண மிஷனின் நிவாரணப் பணிக்கு நிவேதிதை செயலாளரானார். சுவாமி சதானந்தர் தொழிலாளரைக் கூட்டிச் சேரிகளைத் துப்புரவு செய்வித்தார். தொழிலாளர் போதாதபோது அம்மையார் தாமே துடைப்பத்தை எடுத்து ஒழுங்கையைக் கூட்டத் தொடங்கினார். பார்த்து நின்ற அயல் இளைஞர் நாணித் தாமும் துடைப்பம் எடுத்தனர். நோயுற்ற ஏழைக் குழந்தையொன்றை ஈரம் நிறைந்த குடிசையில் மடியில் வைத்துப் பேணிய அவரைக் கண்ட மருத்துவர் ஒருவர் அதனைப் பதிவு செய்துள்ளார். அதற்குமேல் பாக்பசார் மக்கள் அவரை அந்நியர் என்று எண்ணவில்லை. பேச்சினாற் பெற முடியாத நம்பிக்கையை அத்துடைப்பம் பெற்றுத் தந்தது.

மூடியதும் மீண்டும் திறந்ததும்

எனினும் பணமில்லாமற் பள்ளி நடவாது. முதலாண்டு முடியுமுன்னரே பள்ளியை நிறுத்திவைத்து, மேனாட்டிற் பொருள் திரட்டுவதற்காக அம்மையார் 1899ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் விவேகானந்த சுவாமிகளுடனும் துரீயானந்த சுவாமிகளுடனும் கப்பலேறினார். அக்கப்பல் வழியில் நம் கொழும்புத் துறைமுகத்திலும் தரித்தது. கொழும்பில் மேரி மூசியஸ் ஹிக்கின்ஸ் என்னும் ஜெர்மானியப் பெண்மணி பௌத்தச் சிறுமியருக்காக நடத்திய பாடசாலையைச் சுவாமிகள் சென்று பார்த்தார். 1889ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அவ்வம்மையாரும் அந்நிய மண்ணிற் பெண்கல்விக்கு உழைத்தவரே. அவர் பெயரால் மூசியஸ் கல்லூரி இன்றும் கொழும்பில் விளங்குகின்றது.

அமெரிக்காவில் நிவேதிதை ஊரூராகச் சென்று பேசினார். தம் பள்ளித் திட்டத்தை விளக்கி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். சிலர் உதவினர், பலர் கேட்டுவிட்டுப் போயினர். சாரா புல் அம்மையார் போன்ற சிலரின் துணையே இறுதிவரை நின்றது. 1902ஆம் ஆண்டு தொடக்கத்தில் இந்தியா திரும்பிய அவர், சரசுவதி பூசையோடு பள்ளியை மீண்டும் திறந்தார். அவ்வாண்டு ஜூலை மாதம் 4ஆந் திகதி விவேகானந்த சுவாமிகள் மகாசமாதி அடைந்தார். இறுதிவரை துணை நிற்பதாகக் கூறிய குரு மறைந்துவிட்டார். நாட்டு விடுதலையில் ஈடுபட வேண்டும் என்ற வேட்கையினால், அரசியலில் இறங்காத துறவியர் சங்கத்திலிருந்து அம்மையார் தாமே விலகவும் நேர்ந்தது. இத்தனை தனிமையிலும் பள்ளியை அவர் கைவிடவில்லை. தம் நூல்களாலும் கட்டுரைகளாலும் வந்த வருவாயை அதற்கே செலவிட்டார்.

அப்போது அமெரிக்காவிலிருந்து வந்த சகோதரி கிறிஸ்டின் அவருக்கு வலக்கையானார். சிறுமியர் மணமானதும் பள்ளியை விட்டு நின்றுவிடுவதைக் கண்ட இருவரும், 1903ஆம் ஆண்டில் மணமான பெண்களுக்கும் விதவைகளுக்குமென ஒரு வகுப்பைத் தொடங்கினர். வீட்டு வேலை ஓய்ந்த பகற்பொழுதில் தாய்மார் வந்தனர்; எழுத்தும் தையலுங் கற்றனர். பின்னர்ச் சுதீரா தேவி என்னும் வங்கப் பெண்மணி பணியில் இணைந்து, அம்மையாருக்குப் பின்னும் அதனைத் தாங்கினார்.

சிறுவயதிலேயே விதவையான மாணவி ஒருத்தி ஏகாதசி விரதத்தால் வாடுவதைப் பொறாத அம்மையார், அந்நாட்களில் அவளை அழைத்துப் பழமும் இனிப்பும் கொடுப்பது வழக்கம். ஒருநாள் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் அவர்களின் இல்லத்துக்குச் சென்றிருந்தபோது, அன்று ஏகாதசி என்பது நினைவுக்கு வந்தது. உடனே வீடு திரும்பி, மறந்தமைக்காக வருந்தி, அப்பெண்ணை அழைத்து உண்பித்தார். ஒரு பள்ளியின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை இச்சிறு நிகழ்ச்சி காட்டும்.

தமிழுக்குக் கிடைத்த பயன்

கல்கத்தாவிற் செய்த இத்தொண்டின் ஒளி தமிழ்நாட்டையும் தொட்டது. சுப்பிரமணிய பாரதியார் வடநாட்டுக்குக் காங்கிரஸ் மகாசபையின் பொருட்டுச் சென்ற காலத்தில் அம்மையாரைக் கண்டார். மனைவியை ஏன் உடன் அழைத்து வரவில்லை என்ற அம்மையாரின் வினா பாரதியாரின் நெஞ்சைத் தைத்தது. அவரைக் குருவாக ஏற்று, 1908, 1909ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தம் தேசிய கீத நூல்களை அவருக்கே காணிக்கையாக்கினார். பெண் விடுதலை பற்றித் தமிழில் எழுந்த பெருமுழக்கத்தின் பின்னணியில் அந்த ஒழுங்கை வீட்டு ஆசிரியையும் இருந்தார் என்பது நமக்குப் பெருமையன்றோ? கொழும்பிற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள், அம்மையார் முடிக்காது விட்ட புராணக்கதை நூலை நிறைவு செய்து 1913ஆம் ஆண்டில் வெளிவரச் செய்தமையும் இங்கு நினைவுகூரத்தக்கது.

1906ஆம் ஆண்டில் கிழக்கு வங்காளத்திற் பஞ்சமும் வெள்ளமும் வந்தபோது அம்மையார் கிராமங்களிற் சென்று தொண்டாற்றினார். ஓய்வில்லா உழைப்பால் உடல் தளர்ந்தது. 1911ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 13ஆந் திகதி, டார்ஜிலிங் மலைநகரில், நாற்பத்து நான்கு வயது நிறையுமுன்னரே அவர் ஆவி பிரிந்தது. தமக்கென இருந்த சிறு பொருளையும் நூல்களின் உரிமையையும் இந்தியப் பெண்களின் தேசியக் கல்விக்கென எழுதி வைத்துவிட்டே சென்றார். அவர் தொடக்கிய பள்ளி இன்றும் அவர் பெயர் தாங்கி, இராமகிருஷ்ண சாரதா மிஷனின் பொறுப்பில் நடைபெறுகின்றது.

நம் கடமை

நம்மூரும் இவ்வழியில் வெறுமையாய் இருந்ததன்று. 1923ஆம் ஆண்டிலே தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் இந்துப் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையைத் தொடக்கினார். அதுவே இன்றைய ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரி. அதற்குச் சில ஆண்டுகளின் பின்னர் விபுலானந்த அடிகள் திருக்கோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்து பணி புரிந்தார். நிவேதிதை எந்த விளக்கிலிருந்து தீ எடுத்தாரோ, அதே விளக்கிலிருந்து எடுத்த தீயே அடிகளின் கையிலும் இருந்தது.

1945ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் இலவசக் கல்வி உண்டு. படித்தால் பெண் விதவையாவாள் என்போர் இன்று இலர். ஆயினும் எல்லாப் பெண்பிள்ளைகளும் கல்வியை முடிக்கின்றனரா என்று நாம் நெஞ்சைத் தொட்டுக் கேட்க வேண்டும். போரும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளும் பல குடும்பங்களைக் குலைத்துவிட்டன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி எஞ்சியதையும் அசைத்தது. தாய் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போக, தம்பி தங்கையரைப் பார்ப்பதற்காக மூத்த பெண்பிள்ளை வீட்டில் நின்றுவிடுகிறாள். அவள் வராத வாங்கு வகுப்பில் வெறுமையாய்க் கிடக்கின்றது. பாடசாலையின் கதவு திறந்தே இருக்கின்றது. அவள் வீட்டு வாசலில் வந்து அழைப்பாரில்லை.

நாம் விழா எடுக்கின்றோம், மலர் வெளியிடுகின்றோம், மேடையிற் பெரியோரைப் போற்றுகின்றோம். இவை வேண்டியனவே. ஆனால் கரையோர ஒழுங்கைகளில் படிப்பை நிறுத்திய பிள்ளை எந்த வீட்டில் இருக்கின்றாள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதனை அறிவதற்குப் பணம் வேண்டாம், கட்டடம் வேண்டாம். மாலையில் இருவர் இருவராகச் சென்று படலையைத் தட்டினாற் போதும். மறுத்தால் மறுபடியும் செல்ல வேண்டும். கோயில் மண்டபத்தின் ஒரு மூலையும், வீட்டு வேலை ஓய்ந்த ஒரு மணி நேரமும், பொறுமையுள்ள இரண்டொரு சகோதரிகளும் கிடைத்தால் வகுப்பு தொடங்கிவிடும். பிள்ளையோடு தாயும் வந்து இருக்கட்டும், பாட்டியும் வரட்டும். இளைஞர் இதற்கு முன்வருவாராக. முதியோர் தம் வீட்டுக் கதவைத் திறந்து துணை நிற்பாராக.

கடல் கடந்து வந்த ஒருவர், மொழி தெரியாத ஊரில், தம்மை ஒதுக்கிய வாசல்களில் நின்று பிள்ளைகளைக் கேட்டார். நாம் கடக்க வேண்டியது நம் ஒழுங்கையை மட்டுமே. கோணேசப் பெருமானும் மாதுமை அம்மையும் நமக்கு அத்துணிவை அருள்வார்களாக. நிவேதிதை அம்மையாரின் திருநாமம் வாழ்க!